வளைத்துத் தைத்த உடை

பிரெஞ்சு மோட்டார் சைக்கிள் பந்தய வீரன் லொயிக் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த வாரமே, அணி முதலாளி மய்யார் அவன் வண்டியை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருபது வருடம் கழித்து, பதக்கம் அணிவிக்கப் பந்தயத் திடலுக்கு அழைத்தார்.

"கோட்டு போட்டுட்டுப் போயேன்," என்றாள் மனைவி சொலாஞ்ச்.

"ஜெயிச்ச உடுப்புலதான் போவேன். அந்தாளு முன்னாடி நிமிர்ந்து நிக்கணும்."

பந்தயத் தோலுடையை வண்டிமேல் கவிழ்ந்து படுக்கத் தோதாக வளைத்துத்தான் தைப்பார்கள். அந்தக் காலத்தில் வண்டியை விட்டு இறங்கியதுமே ஜிப்பை இடுப்புவரை இறக்கிவிடுவான். இத்தனை வருடத்தில் அது மறந்துபோயிருந்தது. மேடையில், பெருத்த உடம்பைத் தோல் இறுக்கி முன்னால் வளைத்தது.

"எவ்வளவு பணிவு பாருங்க!" என்று மைக்கில் சொல்லி முதுகில் தட்டினார் மய்யார். கூட்டம் எழுந்து கைதட்டியது. லொயிக் தொண்டைக்குக் கீழே ஜிப்பைப் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை.

மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. நெஞ்சில் கைவைத்து, தலைகுனிந்து நன்றி சொல்கிறானாம்.

சொலாஞ்ச் அதை வெகுநேரம் பார்த்தாள். "ஒருவழியா அவரை மன்னிச்சுட்ட," என்றாள்.