பத்து மணிப் பரீட்சை

“புதன்கிழமை காலைல பத்து மணிக்கு எனக்கு உடற்கூறியல் பரீட்சை இருக்கு, கோச். என்னால வர முடியாது.”

கோச் டோலன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பஸ் ஏழு மணிக்குக் கிளம்புது. கோட்டு, டையோட வந்து சேரு.”

“மேட்ச் மேட்ச்னு ஏற்கெனவே ரெண்டு பரீட்சை போச்சு. இதுக்கும் வரலைன்னா ஃபெயில்தான்னு புரொபசர் சொல்லிட்டாரு.”

“அவருகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க.”

“மார்கிஸ், உனக்கு ஸ்காலர்ஷிப் குடுக்கறது யாரு? காலேஜ் கூப்பிட்டா வரணும். அவ்வளவுதான்.”

பிசியோதெரபிஸ்ட் ஆகும் ஆசையில் இந்தக் கல்லூரிக்கு வந்தவன் நான். மூன்று வருடமாகக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை அணைத்துக்கொண்டு ஓடி, முட்டி மோதி விழுந்ததுதான் மிச்சம்.

புதன்கிழமை பஸ்ஸில் ஏறினேன்.

சரியாகப் பத்து மணிக்கு, தொழிலாளர் வாரியத்தின் விசாரணை அறையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். விளையாட்டு வீரர்களைக் கல்லூரியின் ஊழியர்களாக அறிவிக்கக் கேட்டு எங்கள் அணியில் சிலர் மனுப் போட்டிருந்தார்கள். அவர்கள் ஊழியர்கள் அல்ல, படிக்க வந்த மாணவர்கள்தான் என்பது கல்லூரியின் வாதம். நான் கல்லூரித் தரப்புச் சாட்சி.

கல்லூரி வக்கீல் புன்னகையோடு எழுந்தார். “மார்கிஸ், உங்க காலேஜ்ல எதுக்கு முதலிடம்? விளையாட்டுக்கா, படிப்புக்கா?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தே கால். பரீட்சை அறையின் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

பஸ்ஸில் கோச் எனக்கு மனப்பாடம் செய்வித்த பதிலைச் சொன்னேன்.

“படிப்புக்குத்தான் சார். பரீட்சைன்னா எங்க கோச் மேட்சுக்குக்கூடக் கூப்பிட மாட்டாரு.”