படகு வீலுக்கு ஒரு கீ

"இந்த வேலையைப் பார்த்தவனுக்குக் கை இருக்கறது சோறு திங்க மட்டும்தான் போல!"

பட்டறையில் அக்பர் அலி போட்ட சத்தம் பின்னால் அடுப்படி வரைக்கும் கேட்டது. நஜ்மாவுக்குச் சுருக்கென்றது. தைக்காதா பின்னே? அந்த வேலையைப் பார்த்தவன் அவள் பெற்ற மகன் அயாஸ்.

நல்லவேளை, அது அக்பர் அலிக்குத் தெரியாது.

அரூரில் டிராக்டருக்கும் மரவள்ளிக் கிழங்கு மில்லுக்கும் லேத் வேலை பார்க்கிறவர் அவர். போன வாரம் புதுச்சேரியிலிருந்து ஒரு பெரிய பார்சல் வந்தது. பிரித்தால் சைக்கிள் சக்கரத்தைவிடப் பெரிய ஸ்டியரிங் வீல், அதைத் தாங்கும் ஸ்டாண்டு, பல்சக்கரம், செயின், கம்பிக் கயிறு. முப்பது வருஷத்துப் பழைய பாய்மரப் படகோட ஸ்டியரிங்காம். அனுப்பியவர் சந்திரமோகன், படகு ரிப்பேர் பட்டறை முதலாளி.

அந்தப் பட்டறையில்தான் அயாஸ் நாலு வருஷமாக வேலை பார்க்கிறான்.

"ஒகேனக்கல் போய் பரிசல் ஏறினாலே நமக்குப் பெரிய விஷயம். உனக்குக் கடல்ல என்னடா வேலை? இந்த லேத்தை யாரு பாக்கறது?" என்று அவன் கிளம்பிய அன்றைக்குக் குதித்தார் அக்பர் அலி. "போறதுன்னா போ. திரும்ப இந்த வாசலை மிதிக்காதே."

அதற்கப்புறம் அவர் மகன் பேரை எடுக்கவில்லை. அவனும், "அத்தா வாயால வாடான்னு சொன்னாத்தான் வருவேன்" என்று உட்கார்ந்துவிட்டான். அப்பனை உரிச்சு வெச்ச பிள்ளை! பெருநாளுக்குப் பெருநாள் மகனுக்கும் சேர்த்தே பிரியாணி ஆக்கிவிட்டு, மிஞ்சிய சட்டியைப் பார்த்து அழுதவள் நஜ்மாதான். ஒரே ஒரு தடவை அவன் இந்த வாசலில் வந்து செருப்பைக் கழற்றினால் போதும். வேற ஒன்றும் வேண்டாம் அவளுக்கு.

போன மாசம் ஃபோனில் அயாஸ் சொன்னான். "அம்மா, ஒரு பழைய ஸ்டியரிங். மூணு தடவை பார்த்துட்டேன், பிடிக்கு வர மாட்டேங்குது. பார்ட்ஸும் இப்ப கிடைக்கறதில்ல. அத்தா கை பட்டாத்தான் ஆகும்."

முதலாளி பேரில் அனுப்பச் சொல்லி யோசனை கொடுத்தது நஜ்மா. மகன்தான் வரவில்லை, அவன் தொட்ட பொருளாவது இந்த வூட்டுக்கு வரட்டுமே என்ற ஆசை. வந்த அன்றைக்கு, புருஷன் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து அந்த வீலைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

இப்போது டீயைக் கொண்டுபோய் வைத்தாள்.

"யாரு பெத்த புள்ளையோ, ஏங்க இப்படி ஏசறீங்க?"

"பின்ன? இங்க பாரு, செயின்ல மாட்டற பின் கம்பியையெல்லாம் ஏறுக்குமாறா மடிச்சு வெச்சிருக்கான். எவன்கிட்டத் தொழில் கத்தானோ!"

'உங்ககிட்டத்தான்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினாள்.

"ஊரான் படகுக்கு ஏழு நாளா சோறு தண்ணி மறந்து உக்காந்திருக்கீங்க. பெத்த புள்ளைக்கு ஒரு ஃபோன் போட மட்டும் நேரமில்ல!"

"அவன் பேச்சை எடுக்காதே. வந்து இதைச் சுத்திப் பாரு."

சுற்றினாள். வெண்ணெய் மாதிரித் திரும்பியது. செயின் சத்தமே இல்லாமல் ஓடியது. மனுஷனுக்கு நெஞ்சுதான் கல்லு, கை தங்கம்.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் சாக்குப் போட்டுக் கட்டி, பார்சல் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார்.

மத்தியானம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தாள் நஜ்மா. பையில் என்னவோ கனத்தது. துணியில் சுற்றிய சின்ன இரும்புத் துண்டு. இருபத்தெட்டு வருஷமாக லேத்துக்காரனோடு குடித்தனம் பண்ணுகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? கீ. அச்சையும் பல்சக்கரத்தையும் வழுக்காமல் கோத்துப் பிடிப்பது இதுதான். இது இல்லாவிட்டால் வீல் மட்டும் வெறுமனே சுற்றும், செயின் அசையாது.

ஐயோ, முதலாளி முன்னால் பிள்ளை அவமானப்பட்டு நிற்பானே! சோப்புக் கையோடு பட்டறைக்கு ஓடினாள்.

"என்னங்க! இதை வெக்க மறந்துட்டீங்களே! அங்க புள்ள..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எந்தப் புள்ள?"

அக்பர் அலி லேத்தை நிறுத்தினார்.

"மறக்கல. நாந்தான் கழட்டி வெச்சேன்."

"எதுக்குங்க?"

"பின் கம்பியை அப்படி எதிர்ப்பக்கமா மடிக்கற இடது கைக்காரன் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன்தான். பார்சலைப் பிரிச்ச அன்னிக்கே தெரியும்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வேலை ரெண்டாம் நாளே முடிஞ்சிருச்சு. அனுப்பத்தான் மனசு வரல."

நஜ்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நின்னு அழுதது போதும். ஃபோனைப் போட்டுக் குடு. உங்கிட்ட நம்பர் இருக்கறதும் தெரியும்."

இரண்டாவது ரிங் அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"அம்மா... சொல்லும்மா."

அக்பர் அலி ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டார்.

"அம்மா இல்ல. கீ எங்கிட்ட இருக்கு. பார்சல்லயெல்லாம் அனுப்ப முடியாது." நஜ்மா கையிலிருந்த கீயை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"நேர்ல வந்து வாங்கிக்க. வாடா."