ஒரு கொப்பு முருங்கை

அருளப்பு தன் வீட்டுக் கிடுகு வேலிக்குப் பின்னால் திருடனைப் போலக் குந்தியிருந்தான்.

பகல் பதினொரு மணி. வயிற்றுவலி என்று கங்காணிக்குப் பொய் சொல்லிவிட்டு உப்பளத்திலிருந்து நேரே வந்திருந்தான்.

எல்லாம் அடுத்த வளவில் இருக்கும் தங்கச்சி சுஜி மூட்டிவிட்டது. "நான் உன்ர மனுசியோட கோவிச்சுக்கொண்டு உங்கட படலை திறக்காமல் விட்டு ஒரு வருசம் அண்ணே. எண்டாலும் எனக்குக் கண் இருக்குத்தானே? நீ அங்கால போக, உன்ர மகாராணி இங்கால எழும்பித் திரியிறா."

மனைவி அக்னஸ் பாயில் விழுந்து ஒன்றரை வருடம். ஒரு காய்ச்சல் வந்து போனது. அதோடு போன பெலன் திரும்பவில்லை. எவ்வளவு தூங்கினாலும் களைப்பு. இரத்தம் சோதித்தார்கள், படம் எடுத்தார்கள், ஒன்றிலும் குறையில்லை.

கடைசியாகப் பார்த்த டொக்டர்தான் இது மெய்யான வருத்தம் என்றார். உப்புக்காற்று இரும்பைத் தின்பதுபோல உடம்புக்குள்ளும் ஏதோ தின்கிறதோ என்று ஆராய்கிறார்களாம், முடிவாகத் தெரியாதாம். நேரான மருந்து இல்லை. இலைவகை, பழவகை கொடுத்துப் பாருங்கள், உதவினாலும் உதவும். அளவுக்கு மிஞ்சி அசைந்தால் மட்டும் மறுநாள் எழும்ப மாட்டா.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் விடியலில் ஒரு முருங்கைக் கொப்பு முறித்துக் குசினியில் வைத்துவிட்டுப் போவான். இலை உருவத்தான் முடியாது. உப்பு வெடிக்கவைத்த விரல்கள்.

சுஜி சொன்னது மெய்யென்றால் இன்றைக்கே அக்னஸைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று மனதில் முடித்திருந்தான்.

வேலி ஓட்டையால், திறந்திருந்த கதவுக்குள் பார்த்தான். பாய் வெறுமையாகக் கிடந்தது.

நெஞ்சு கொதித்தது.

பிறகுதான் குசினித் தரையில் அவளைக் கண்டான். சுவரோடு சாய்ந்திருந்தாள். மடியில் கொப்பு.

ஒரு ஈர்க்கு உருவினாள். கை விழுந்தது. சீமெந்துத் தரையில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினாள். அவன் நூறு வரை எண்ணினான். எழும்பினாள். இன்னொரு ஈர்க்கு.

மறுபடி தரை.

இருபது வருடம் உப்பு அள்ளியவன். உச்சி வெயிலில் சுருண்டு விழுந்தவர்கள் எழும்பி மறுபடி அள்ளுவதையும் கண்டவன். இப்படி ஒரு வேலையை அவன் கண்டதில்லை.

கோயிலுக்குள் நிற்பதுபோலத் தொப்பி கையில் இருந்தது. எப்போது கழற்றினான் என்று தெரியவில்லை.

சத்தம் காட்டாமல் உப்பளத்துக்கே திரும்பினான்.

பின்னேரம் வழக்கமான நேரத்துக்கு வந்து, படலையை வேண்டுமென்றே அடித்துச் சாத்தினான். அக்னஸ் பாயில் கிடந்தாள், காலையில் படுத்த அதே பக்கமாக. சுளகில் உருவிய இலை. ஒரு காம்புகூட இல்லை.

"சுஜிதான் வந்து உருவித் தந்திட்டுப் போறா. பாவம், நல்ல பிள்ளை," என்றாள் கண் திறவாமல்.

பதினொரு மாதமாக ஒவ்வொரு பின்னேரமும் அவள் சொல்வது அதைத்தான்.

அருளப்பு சுளகைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

"ஓம்," என்றான், அவள் பக்கம் திரும்பாமல். "அவளிட்டச் சொல்லு, பாதிக் கொப்புப் போதும். மிச்சத்தை நான் வந்து உருவுறன்."