யானைச் சாக்கடை

"உங்க மாமனார் கட்டினதுதானேம்மா? தாராளமா இறங்குங்க. யானையே இறங்கலாம்" என்றார் மேஸ்திரி. ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. நகர வடிகால் பிரிவில் இன்ஜினீயர். சேர்ந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன், ஊர் உள்ளங்கை அகலம் இருந்தபோது மாமனார் கட்டிய சாக்கடை. எறும்பு நீந்தக்கூடத் தண்ணீர் வராத ஊருக்குப் பன்னிரண்டடி உயரத்தில் வடிகால். சிமெண்டை மண்ணில் கொட்டிய மகானுபாவர் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஊர் ஊதிப் பெருத்துவிட்டது. நாலு தூறல் விழுந்தால் கட்டில் மிதக்கிறது. புதுக் கால்வாய் வெட்ட முந்நூறு வீடுகளை இடிக்க வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் அவள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதற்குமுன் பழையதையும் ஒருநடை பார்த்துவிடலாம் என்றுதான் வந்தாள்.

குனிந்தபடி இறங்கியவள் நிமிர்ந்தாள். இன்னும் நிமிர்ந்தாள். டார்ச் வெளிச்சம் கூரையைத் தேடிப் போய் மெதுவாகத் தொட்டது. செங்கல் வளைவு, வளைவுக்குப் பின் வளைவு. பொட்டு விரிசல் இல்லை. தலைக்கு மேலே ஊரே பஸ்ஸும் லாரியுமாக ஓடுகிறது. இங்கே தூங்குகிறவன் மூச்சு அளவுக்குத்தான் சத்தம்.

மேஸ்திரி பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்.

"சாக்கடையில என்ன பண்றீங்க?"

"தெரியலம்மா. போட்டுக்கிட்டு நடக்க மனசு வரல."

அளந்தாள். கணக்குப் போட்டாள். நம்பாமல் மறுபடி போட்டாள்.

"மேஸ்திரி, ஊர் இன்னும் ரெண்டு மடங்கு ஆனாலும் இது தாங்கும். புதுத் தெருக்களை இதுல இணைச்சாப் போதும்."

"அப்போ அந்த முந்நூறு வீடு?"

"ஒரு செங்கல்கூட எடுக்க வேண்டாம்."

ஆபீசில் பழைய ஃபைலைத் தோண்டி எடுத்தாள். முதல் தாள், 'வீண் வேலை. மண் கொட்டி மூடவும்' என்று மேலிடத்து உத்தரவு. மறுநாள் தேதியில் ஒரு மொட்டைக் கடுதாசி: கட்டியதில் பெரிய ஊழல், விசாரிக்கவும். அடுத்து, மாமனாரின் சஸ்பென்ஷன். அதன்பிறகு ஒரு தாளும் இல்லை. விசாரணையை முடிக்க எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள். "மாமா, அந்தக் கடுதாசி போட்டது யாருன்னு தெரியுமா?"

அடுப்படியிலிருந்து மாமியார் முந்திக்கொண்டாள். "எந்தப் பாவியோ. அவன் கை விளங்காமப் போக."

மாமனார் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"மெதுவாப் பேசும்மா" என்றார். "அன்னைக்கு மண் லாரி வந்து நின்னுடுச்சு. விசாரணைன்னு ஒண்ணு ஆரம்பிச்சுட்டா சாட்சியை எவனும் மூட முடியாதே, அதான் நானே எழுதிப் போட்டேன்."