பதினோராவது கேள்வி

கணக்கெடுக்க வந்தவள் பதினோராவது கேள்வியைப் படித்துவிட்டுத் தலை நிமிர்கிறாள். மருந்துப் பெட்டியில் எழுதியிருப்பதைப் புரிந்துகொள்வது உங்களுக்கு மிக எளிதா, எளிதா, கடினமா, மிகக் கடினமா? "மிக எளிதுன்னே போடும்மா. இதென்ன கம்பசூத்திரமா?" என்று வீட்டுக்காரி சிரிக்கிறாள். இதுவரை எல்லாக் கேள்விக்கும் அதே பதில்தான். வந்தவளின் விரல் கையிலிருக்கும் டேப்லெட்டின் திரையைத் தொடுகிறது, கண் மட்டும் மேசையை விட்டு நகர மறுக்கிறது. அங்கே ஜன்னல் வெயிலில் ஒரு மாத்திரைப் பெட்டி இருக்கிறது. மருந்துக்கடையில் ஒட்டிய தாளில் திங்கட்கிழமைத் தேதி, அதன் கீழே ‘வாரம் ஒன்று’. இன்று வெள்ளி. பக்கத்தில் கிடக்கும் அட்டையில் நான்கு குழிகள் காலி. இந்தக் கணக்கெடுப்பு நடக்கும் பதினேழு நாடுகளிலும் ஒரே கேள்வி, ஒரே வரிசை. படி, குறி, விளக்கம் மட்டும் சொல்லாதே என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறது. கதவு திறந்த உள்ளறையில் வீட்டுக்காரர் முனகுகிறார். "மூட்டுவலிக்குக் குடுத்தாங்க. வாயெல்லாம் புண்ணாயிடுச்சு பாவம். ஆனா ஒரு நாள்கூட நான் தவறவிட்டதில்ல" என்று பெருமையாகச் சொல்லியபடி வீட்டுக்காரி ஐந்தாவது மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, தண்ணீர் டம்ளரோடு உள்ளே போகிறாள். திரையில் பன்னிரண்டாவது கேள்வி வந்து நிற்கிறது. "அக்கா, குடுக்காதீங்க! அது வாரத்துக்கு ஒண்ணுதான்!" கணக்கெடுக்க வந்தவளுக்குத் தன் குரலே யாருடையதோ போலக் கேட்கிறது. கட்டிலருகே நீண்ட கை அப்படியே நிற்கிறது. "நீ கேள்வி கேக்கத்தானே வந்தே?" என்கிறாள் வீட்டுக்காரி, திரும்பிப் பார்க்காமலே. வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடியே இருக்கிறார்.