இரண்டு தொட்டியில் ஒரு கசப்பாயி

ரெஜினா டீச்சரின் மொட்டைமாடித் தொட்டியில் கசப்பாயி என்றொரு ஹாப்ஸ் கொடி, பீருக்குக் கசப்பேற்றும் கொடி, இருந்தாள். வயதாக ஆக வேர் தொட்டி முழுக்கச் சுருண்டு, ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் வெளியே வழிந்தது. டீச்சர் ஒருநாள் தொட்டியைக் கவிழ்த்து, அவளை வேரோடு இரண்டாக அறுத்தார். ஒரு பாதியைப் பழைய தொட்டியிலேயே வைத்தார். மறுபாதியைப் புதுத் தொட்டியில் நட்டார்.

துளிர் விட்டதும் சண்டை தொடங்கியது. ஏறிப் படர ஒரே ஒரு கயிறுதான் இருந்தது.

"நான்தான் கசப்பாயி. கயிறு எனக்கு," என்றாள் பழைய தொட்டிக்காரி.

"போன வருஷம் அணிலை விரட்டினது யாரு? நான்!" என்றாள் புதுத் தொட்டிக்காரி.

"அப்போ நான் எங்கடி இருந்தேன்?"

பழைய தொட்டிக்காரிக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பக்கமாக ஊர்ந்துவந்த நத்தையைக் கூப்பிட்டாள். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. இதுல யாரு கசப்பாயி?"

"அவளைத் தேடித்தாம்மா நானும் வர்றேன்," என்றது நத்தை. "இந்த வருஷக் கொழுந்தெல்லாம் எனக்குத்தான்னு வாக்கு கொடுத்திருக்கா."

இருவரும் கொழுந்தை இலைக்குள் ஒளித்துக்கொண்டார்கள்.

"அவதாண்ணே கசப்பாயி," என்று பழைய தொட்டிக்காரி எதிர்த் தொட்டியைக் காட்டினாள்.

"ஐயோ, நான் இந்த மாடிக்கே புதுசுண்ணே!"

"நானுந்தான்!" என்றாள் பழைய தொட்டிக்காரி அவசரமாக.

நத்தையின் கொம்புகள் துவண்டன. "அப்போ அவ போய்ச் சேர்ந்துட்டாளா? நல்லவம்மா அவ. கருமாதிச் சாப்பாடாவது சாப்பிட்டாத்தான் அவ ஆத்மா சாந்தியடையும்," என்று தேம்பியபடியே பழைய தொட்டியில் ஏறத் தொடங்கியது.