அறுபது பவுண்ட்

தேயிலைச் சரிவில் பனிமூட்டம் இறங்குகிறது. தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ராய்ஸ்டன் கப்பி வைத்த வில்லின் திருகாணியை இறுக்கிவிட்டு, அம்பைத் தொடுத்து, நாணை முழுக்க இழுத்து நிற்கிறான். "நாண் இழுவைய அம்பது பவுண்டுலேருந்து அறுபதாக்கிட்டேன் லா. பன்னி தல தூக்கறதுக்குள்ள அம்பு பாஞ்சிடும்," என்று சிரிக்கிறான். தங்கை மேவிஸ் அம்பையே பார்க்கிறாள். நேற்று பாறையில் மோதியது அதுதான். நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல். இந்த விசையில் விட்டால் நொறுங்கி அவன் கையிலேயே பாயும். "விட்றாதண்ணே, அம்பு கீறியிருக்கு. நாண மெதுவா இறக்கு." அவன் சிரிப்பு நிற்கிறது. அறுபதை அவன் இறக்கிப் பழகியதில்லை. கடைசிவரை இழுத்ததும் கப்பி சுமையைத் தாங்கி லேசாகியிருந்த நாண், சற்று இறக்கியதுமே முழு எடையோடு முன்னே இழுக்கிறது. மேவிஸ் பின்னால் ஓடிவந்து நாணைப் பிடித்த அவன் மணிக்கட்டை இரு கையாலும் பற்றுகிறாள். இருவருமாக நாணை அங்குலம் அங்குலமாக இறக்குகிறார்கள். பாதி தூரம் இன்னும் இருக்கிறது.